அரைக்காத கோதுமையும் மரத்தூளும்

புனிதர் திருநாளுக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டால் நம் வீடுகளில் ஒரே பதில்தான்: பிரியாணி. அந்தோணியாருக்கும் பிரியாணி, சவேரியாருக்கும் பிரியாணி. பிரியாணிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் தட்டைப் பார்த்து, இன்றைக்கு எந்தப் புனிதர் என்று சொல்ல முடியாது. சிசிலித் தீவில் சொல்லிவிடலாம். கிண்ணத்தில் அவித்த முழுக் கோதுமை இருந்தால் டிசம்பர் 13, லூசியா. பாஸ்தாவின்மேல் வறுத்த ரொட்டித்தூள் தூவியிருந்தால் மார்ச் 19, சூசையப்பர்.

இரண்டு நாட்களுமே பசியிலிருந்து பிறந்தவை. அதனால் இவற்றுக்குச் செலவு குறைவு, வேலையும் பெரிதாக இல்லை. இந்த அத்தியாயத்தில் இரண்டையும் நம் அடுப்பில் எப்படிச் செய்வது என்று பார்க்கலாம். கிடைக்காத பொருளுக்குப் பதில் வேறொன்றைப் போடுவதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு பண்டத்திலும் ஏதோ ஒரு பொருள்தான் கதையைச் சுமக்கிறது. அதில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

டிசம்பர் 13: லூசியா

லூசியா சிசிலியின் கிழக்குக் கரையிலுள்ள சிராக்கூசா நகரத்துப் பெண். ரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்தில், 304-ல் மறைசாட்சியாக இறந்தவர். திருப்பலியில் குருவானவர் நற்கருணை மன்றாட்டின் முதல் வடிவத்தை முழுதாகச் சொல்லும் நாளில் காது கொடுத்துக் கேளுங்கள். ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா என்று பெயர்கள் வரிசையாக வரும். இலத்தீனில் ‘லூக்ஸ்’ என்றால் ஒளி. அதனாலேயே கண் நோவு உள்ளவர்களுக்கு இவர் பாதுகாவலி. சுரூபத்தில் கையில் ஒரு தட்டும் தட்டில் இரண்டு கண்களும் இருக்கும்.

கோதுமை வந்த கதை வேறு. 1646-ல் சிசிலியில் கொடும் பஞ்சம். ஊரே லூசியாவிடம் மன்றாடிக்கொண்டிருக்க, தானியம் ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் நுழைந்தது என்பார்கள். எந்தத் துறைமுகம் என்பதில்தான் தகராறு. சிராக்கூசாக்காரர்கள் எங்களுடையது என்பார்கள். பலெர்மோக்காரர்கள் இல்லை, எங்களுடையது என்பார்கள். மீதிக் கதையில் சண்டை கிடையாது. கோதுமையைத் திரிகைக்குக் கொண்டுபோய் அரைத்து, பிசைந்து, சுடும்வரை யாருக்கும் பொறுமை இல்லை. அப்படியே பானையில் கொட்டி அவித்து, எண்ணெய் விட்டுத் தின்றார்கள். அந்த அவித்த கோதுமைக்குப் பெயர் ‘குச்சீயா’.

இன்றைக்கும் அந்த நாளில் சிசிலியில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடாத வழக்கம் இருக்கிறது. பாஸ்தா இல்லாத நாள் அவர்களுக்கு நமக்குச் சோறில்லாத நாள் மாதிரி. அரிசி, கடலைமாவு, உருளைக்கிழங்கு என்று ஒப்பேற்றுகிறார்கள். சோறு தின்னும் நமக்கு இதில் என்ன தியாகம் என்று தோன்றும். சப்பாத்தி, பரோட்டா, பிரெட், ரவை, சேமியா எல்லாவற்றையும் காலையிலிருந்து ஒதுக்கிப் பாருங்கள். நாலு மணி டீக்குப் பிஸ்கட்டும் கிடையாது என்னும்போதுதான் உறைக்கும்.

கோதுமை வாங்கும்போது கவனம் வேண்டும். மளிகைக் கடையில் சம்பா கோதுமை என்று கேட்டதும் ரவையை எடுத்து நீட்டுவார்கள். முழுசாக வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். உடைத்த கோதுமை சீக்கிரம் வேகும், பாயசத்துக்கும் அருமை. ஆனால் உடைத்தால் கதை போச்சு. இந்த நாளில் மாற்றக்கூடாத பொருள் இதுதான்: திரிகை படாத முழு மணி.

சிசிலியில் தினமும் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவைப்பார்கள். முதல் வருஷம் நானும் அதை நம்பிப் பத்தாம் தேதியே ஒரு கிலோவை ஊறப் போட்டேன். பன்னிரண்டாம் தேதி மூடியைத் திறந்தால் சமையலறை முழுக்கக் கள்ளுக்கடை வாசம். சென்னையின் டிசம்பர் அவர்கள் ஊர் டிசம்பர் இல்லை என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. மொத்தமும் பின்தெருக் கோழிகளுக்குப் போயிற்று. நமக்கு 24 மணி நேரம் போதும். எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு நாள் ஊறவேண்டும் என்று ஆசைப்பட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஏழெட்டுப் பேருக்கு 250 கிராம் கோதுமை சரியாக இருக்கும். ஊறியதை அலசி, ஐந்து டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து 35 நிமிடம். ஆவி அடங்கியபின் ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கிப் பாருங்கள். தோல் வெடித்து உள்ளிருந்து வெள்ளையாகப் பிதுங்கவேண்டும். குழைந்து மாவாகிவிடவும் கூடாது. மெல்லும்போது பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கவேண்டும். இன்னும் விறைப்பாக இருந்தால் மேலும் பத்து நிமிடம் வையுங்கள். வெந்த தண்ணீரிலேயே ஆறவிட்டு, பிறகு வடித்துவிடுங்கள்.

பலெர்மோ முறையில் இதனுடன் சேர்வது ரிக்கோத்தா, அதாவது செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியை எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைத் திரும்பக் காய்ச்சி எடுக்கும் மிருதுவான கட்டி. நம் வீட்டில் இரண்டு லிட்டர் கொழுப்பு நிறைந்த பசும்பாலைக் காய்ச்சுங்கள். பொங்கி வரும்போது அடுப்பை அணைத்து, இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றைத் தண்ணீரில் கலந்து சிறுகச் சிறுக ஊற்றுங்கள். பால் திரிந்து, வெளிர்பச்சைத் தண்ணீர் தனியே தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். துணியில் வடித்து இருபது நிமிடம் தொங்கவிட்டால் போதும். பனீருக்குச் செய்வதுபோல் மேலே பாரம் வைத்தால் கட்டியாகிவிடும். 120 கிராம் சர்க்கரைத்தூள் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, வடித்த கோதுமையில் கலந்துகொள்ளுங்கள். மேலே கொஞ்சம் பட்டைத்தூள், துருவிய கறுப்பு சாக்லேட். அவர்கள் சர்க்கரைப்பாகில் ஊறிய பூசணித் துண்டுகளையும் போடுவார்கள். நம் இனிப்புக் கடைகளில் கிடைக்கும் ஆக்ரா பேட்டா அதற்கு அண்ணன் தம்பி முறை. பொடியாக நறுக்கிப் போடுங்கள். குளிரவைத்துச் சாப்பிடவேண்டும்.

ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, “இது நம்ம கோதுமைப் பாயசந்தானே? தேங்காப்பால் ஊத்தி, கருப்பட்டி போட்டிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்” என்றார். நாகர்கோவில்காரர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மறு வருஷம் ரிக்கோத்தாவை விட்டுவிட்டு, கருப்பட்டிப் பாகும் முதல் தேங்காய்ப்பாலும் சுக்கும் சேர்த்துச் செய்தேன். உண்மையைச் சொன்னால் அதுதான் ருசி. பால், சர்க்கரை, சாக்லேட் எல்லாம் பின்னாளில் ஏறிக்கொண்ட அலங்காரம். எண்ணெயும் உப்பும் மட்டும் போட்டு, அவித்த கொண்டைக்கடலை சேர்த்துச் சுண்டல்போலத் தின்னும் ஊர்களும் அங்கே உண்டு.

மாலைப் பலகாரத்துக்கு ‘பனெல்லே’ செய்யலாம். பலெர்மோவின் தெருக்கடைப் பண்டம். 250 கிராம் கடலைமாவை முக்கால் லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்புப் போட்டு, அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். களிபோல் இறுகிப் பாத்திரத்தை விட்டு வரும்போது நறுக்கிய கொத்தமல்லித்தழையைத் தூவி, எண்ணெய் தடவிய தட்டில் விரல் கனத்தில் பாதிக்கும் குறைவாகப் பரப்புங்கள். ஆறியதும் துண்டு போட்டுப் பொரித்தெடுத்து எலுமிச்சை பிழியுங்கள். வாழைக்காய் இல்லாத பஜ்ஜி என்று பிள்ளைகள் கேலி செய்தாலும் தட்டு காலியாகிவிடும்.

லூசியா என்றதும் சிலருக்கு ஸ்வீடன் ஞாபகம் வரலாம். வெள்ளை அங்கி போட்ட பெண்பிள்ளை தலையில் மெழுகுதிரிக் கிரீடத்தோடு விடியற்காலையில் வருவாள். குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் பன்னும் காப்பியும் கொடுப்பார்கள். ஆங்கில எழுத்து ‘எஸ்’ மாதிரி சுருட்டி, இரண்டு சுருளிலும் ஒவ்வொரு உலர்திராட்சை பதித்த பன் அது. அழகான வழக்கம்தான். ஆனால் சிசிலிக்காரர் கோதுமை மாவையே தொடாத நாளில் ஸ்வீடன்காரர் பன் சுடுகிறார். ஒரே வருஷத்தில் இரண்டையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இடையில் இரண்டு சின்ன நாட்கள்

பிப்ரவரி 3 புனித பிளேஸ் நாள். இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்துத் தொண்டையில் வைத்துக் குருவானவர் மந்திரிக்கும் நாள் என்றால் நம் ஊரில் தெரியும். மிலான் நகரத்தில் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பனெத்தோனே கேக்கில் ஒரு துண்டை எடுத்துவைத்து, அன்று காலை தொண்டைக்கு நல்லது என்று குடும்பத்தோடு பிட்டுத் தின்பார்கள். நமக்குச் செலவே இல்லாத வழக்கம். ரம்மில் ஊறிய பிளம் கேக்கில் ஒரு துண்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் தாராளமாகத் தாங்கும். டப்பாமேல் தேதி எழுதி ஒட்டாவிட்டால் பொங்கலுக்கு முன்பே யாராவது காலி செய்துவிடுவார்கள்.

பிப்ரவரி 5 ஆகத்தா. கத்தானியா நகரத்தில் அவர் பட்ட வேதனையை நினைத்து, வெள்ளைப் பாகு பூசி உச்சியில் ஒரு செர்ரி வைத்த சின்னச் சின்ன மார்பு வடிவக் கேக்குகள் விற்பார்கள். வீட்டில் செய்ய நிறையக் கைப்பழக்கம் வேண்டும் என்பதால் செய்முறையை இங்கே சேர்க்கவில்லை.

மார்ச் 19: சூசையப்பர்

யோசேப்பு, சூசையப்பர், வளன் என்று நாம் சொல்வதெல்லாம் ஒருவரைத்தான். வளன் என்ற பெயரில் அவரைக் காப்பிய நாயகனாக்கியவர் வீரமாமுனிவர். தேம்பாவணியில் 3,615 பாடல்கள். அவர் இத்தாலியில் பிறந்தவர். ஓர் இத்தாலியர் தமிழில் சூசையப்பருக்குக் காப்பியம் பாடியிருக்கும்போது, நாம் இத்தாலிய முறையில் அவருக்கு ஒரு வேளை சமைத்துவைப்பது நியாயம்தானே?

தேதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 19 தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் பெருவிழா மறுநாள் திங்களுக்குத் தள்ளிப்போகும். 2023-ல் அப்படித்தான் நடந்தது. புனித வாரத்தில் விழுந்தால் முன்னாலேயே வந்துவிடும். வெள்ளிக்கிழமையில் வந்தால், பெருவிழா என்பதால் இறைச்சி தவிர்க்கும் கடமை அன்றைக்கு இல்லை. ஆனாலும் சிசிலியின் சூசையப்பர் மேசையில் இறைச்சி இருக்காது. நீங்களும் வைக்காதீர்கள்.

அங்கேயும் கதை வறட்சியில்தான் தொடங்குகிறது. மழை பொய்த்து, பயிரெல்லாம் கருகி, மாட்டுக்குப் போடும் ஒருவகைப் பயறு மட்டும் பிழைத்தது. அதைத் தின்று உயிர்தப்பியவர்கள் சூசையப்பருக்கு நன்றியாக மேசை போட்டு ஏழைகளுக்கு விருந்து வைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. மேசையைப் படி படியாக, பெரும்பாலும் மூன்று படியாகக் கட்டுவார்கள். நவராத்திரிக் கொலு பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். உச்சியில் சூசையப்பர், கீழே எலுமிச்சை, ஆரஞ்சு, லீலி மலர், ரொட்டிகள். ரொட்டிகளைச் சுத்தியல், ரம்பம், ஏணி என்று தச்சன் கருவிகளின் வடிவில் சுட்டு அடுக்குவார்கள். சலேமி என்ற ஊர் இந்த ரொட்டி வேலைப்பாட்டுக்குப் பேர்போனது.

வசதி உள்ளவர்கள்கூட இந்த மேசைக்கு வேண்டியதைக் கடையில் வாங்காமல் வீடு வீடாகக் கேட்டு வாங்குவது பழைய நேர்ச்சை. மடிப்பிச்சை எடுத்து நேர்ச்சை செலுத்தும் நமக்கு இது புதிதில்லை. நெல்லைச் சீமையில் கோயில் அசனத்துக்கு அரிசியும் தேங்காயும் சேர்ப்பது இதே வழியில்தான். பக்கத்தில் கேரளத்தில், திருச்சூர் அருகே பாவறட்டியில் சூசையப்பர் பெயரால் நடக்கும் ஊட்டும் இந்த இனம்தான். உங்கள் அடுக்குமாடியில் நாலு வீட்டில் ஆளுக்கொரு பொருள் கேளுங்கள். ஒரு வீட்டில் வெங்காயம், ஒரு வீட்டில் உலர்திராட்சை. வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

முதலில் ‘மக்கு’. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அவர்கள் மொழியில் மசித்தது என்று பொருள். வறட்சியில் பிழைத்த அந்தப் பயற்றில் செய்வது. அது நம் கடைகளில் எளிதில் கிடைக்காது. நெருங்கி வருவது காய்ந்த மொச்சை. 250 கிராம் மொச்சையையும் 100 கிராம் கொண்டைக்கடலையையும் இரவே தனித்தனியாக ஊறவையுங்கள். காலையில் மொச்சையைப் பிதுக்குங்கள். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாடம் வேண்டியதில்லை. நிறையப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யவேண்டிய வேலை அது. இரண்டையும் 100 கிராம் மைசூர்ப் பருப்போடு குக்கரில் நன்றாகக் குழைய வேகவைத்து, கடலையில் ஒரு கைப்பிடியை எடுத்துவைத்துவிட்டு மற்றதை மத்தால் கடையுங்கள். ஆலிவ் எண்ணெயில் ஒரு வெங்காயம், ஒரு ஸ்பூன் இடித்த சோம்பு வதக்கிச் சேர்த்து, கெட்டிக் கூழ் பதத்தில் இறக்குங்கள். எடுத்துவைத்த கடலை மேலே. மிஞ்சினால் தட்டில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் இறுகியிருக்கும், துண்டு போட்டுப் பொரிக்கலாம்.

அடுத்தது மத்தி மீன் பாஸ்தா. தூத்துக்குடிப் பக்கம் சாளை என்போம். அரைக்கிலோ மீனைத் தலை கிள்ளி, வயிற்றில் கட்டைவிரலை விட்டு வால்வரை ஓட்டினால் நடுமுள் அப்படியே எழுந்து வரும், கத்தி வேண்டாம். இரண்டு பெரிய வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக்கி, ஒரு ஸ்பூன் சோம்பு, இரண்டு மேசைக்கரண்டி உலர்திராட்சை, அதே அளவு உடைத்த முந்திரி, பாலில் அல்லாமல் வெந்நீரில் ஊறிய நாலைந்து குங்குமப்பூ இழை சேருங்கள். மீனைப் போட்டு ஐந்து நிமிடம். மீனையும் திராட்சையையும் சேர்ப்பதா என்று முகம் சுளிக்கவேண்டாம். புளியும் வெல்லமும் சேர்ந்த குழம்பு சாப்பிடுகிற நாக்கு நம்முடையது. உப்புத் தண்ணீரில் வேகவைத்த அரைக்கிலோ ஸ்பகெட்டியை இதில் புரட்டி இறக்குங்கள். மீன் சாப்பிடாத வீட்டில் மீனை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது.

குறையக்கூடாதது கடைசியாக மேலே விழுவது. சீஸ் துருவிப் போடும் இடத்தில் அன்றைக்கு ரொட்டித்தூள். ஏழைக்குச் சீஸ் கட்டுபடியாகாது என்பது ஒரு காரணம். தச்சன் பட்டறையில் உதிரும் மரத்தூள் இது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். பாக்கெட் தூள் சாம்பல்போல் இருக்கும், வாங்காதீர்கள். இரண்டு நாளான பிரெட்டைக் கையால் உதிர்த்து, மிக்ஸியில் கொரகொரப்பாக ஓட்டி, இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெயில் சின்னத் தீயில் வறுங்கள். முதலில் எண்ணெயைக் குடித்துக் கட்டிகட்டியாக நிற்கும். ஏழெட்டு நிமிடத்தில் பிரிந்து, கரண்டியில் சரசரவென்று சத்தம் கேட்கும். தேக்குத்தூள் நிறம் வந்த அந்த நொடியில் வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சட்டியில் விட்டால் சூட்டிலேயே கருகும். பரிமாறும்போதுதான் தூவவேண்டும். முன்னாலேயே தூவினால் ஊறிப்போய், மரத்தூள் மழையில் நனைந்த மாதிரி ஆகிவிடும்.

மேசைக்கு யார் வருகிறார்கள் என்பதையும் மாற்றமுடியாது. சிசிலியில் ஒரு முதியவர், ஓர் இளம்பெண், ஒரு குழந்தை என்று மூவரைத் திருக்குடும்பமாக அழைப்பார்கள். பெரும்பாலும் ஊரின் எளியவர்கள். அவர்கள் முதல் இரண்டு வாசலில் கதவைத் தட்ட, உள்ளிருந்து இடமில்லை என்று பதில் வரும். மூன்றாவது கதவு திறக்கும். அவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பண்டத்திலும் கை வைக்கும்வரை வீட்டுக்காரர் சாப்பிடுவதில்லை, நின்று பரிமாறுவார். நாடகத்தை நீங்கள் விட்டுவிடலாம். விருந்தாளியை விடக்கூடாது. உறவுக்காரர்களை மட்டும் கூப்பிட்டு ஒப்பேற்றினால் அது பிறந்தநாள் விருந்து, சூசையப்பர் மேசை இல்லை. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர், வாசலில் காவல் இருப்பவர், வேலைக்கு வரும் அக்காவும் அவர் பிள்ளையும் என்று யோசித்துப் பாருங்கள். பந்தியில் உட்காரவைத்துப் போடவேண்டும். டப்பாவில் கட்டிக் கொடுத்தனுப்புவது கணக்கில் சேராது.

சமையலுக்கு மூன்று மணி நேரம் போதும். அழைப்பைத்தான் எல்லோரும் கடைசி நிமிஷத்துக்குத் தள்ளிப்போடுகிறோம். மார்ச் 17-ம் தேதியே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.